லிஃப்ட் இருக்கிறது, வழி எங்கே?

சென்ற இதழில் சென்னை சென்ட்ரல் மெட்ரோவைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். பூமிக்கடியில் நிலையம் கட்டுகிறவர்கள் முதலில் வரைய வேண்டியது, பஸ் நிறுத்தத்திலிருந்து ரயில் கதவு வரை ஒரு படிகூடக் குறுக்கிடாமல் போகும் ஒரு கோடு. தூண், கூரை, பளபளப்பு எல்லாம் அப்புறம் என்று அதில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட கடிதங்கள். பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். கோபம் என் மேல் இல்லை, லிஃப்ட்டுகளின் மேல்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் கட்டட வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ரோட்ரிங் பேனாவில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டரில் முடித்தேன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் போனது. காலிப்பரும் முழங்கை ஊன்றுகோலும் துணை. ஆகவே பதில்களில் கொஞ்சம் ஒருதலைப்பட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் 'லிஃப்ட்' என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதன் பின்னாலேயே போனால் கட்டடத்தைச் சுற்றி, சாலையைத் தாண்டி, எதிர்ப்புறம் கொண்டுபோய் விட்டது. எஸ்கலேட்டரோ நாங்கள் இறங்கிய இடத்திலேயே இருந்தது. நடக்க முடியாதவர்களுக்காக வைக்கும் லிஃப்ட்டை ஏன் சார் எப்போதும் மூலையில் வைக்கிறார்கள்?
— ஒரு வாசகி, பெரம்பூர்

நிலையத்தின் பெயரையும் எழுதியிருந்தீர்கள் அம்மா. அதை அச்சில் போடவில்லை. இது ஒரு நிலையத்தின் நோய் இல்லை.

லிஃப்ட் மூலைக்குப் போவது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் இல்லை. வரைபடம் வளரும் வரிசையால்தான். சுரங்க நிலையத்தில் முதலில் தண்டவாளமும் நடைமேடையும் உட்கார்ந்துவிடும். பிறகு தூண்கள். பிறகு கூட்டத்தைக் கணக்குப் போட்டு எஸ்கலேட்டரும் படிக்கட்டும். அடுத்து மின்சார அறை, காற்றோட்டக் குழாய், ஏசி. இவர்கள் எல்லாரும் இடம் பிடித்து முடித்தபின் மிச்சமிருக்கும் சதுரத்தில் லிஃப்ட் வரும். கீழே சதுரம் கிடைத்தாலும் அதற்கு நேர் மேலே, தரையில், காலி மனை வேண்டும். அங்கே பழைய கழிவுநீர்க் குழாய் இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு அலுவலகத்தின் காம்பவுண்டு சுவர் இருக்கும். சரி, மனை கிடைக்கிற பக்கம் தள்ளு என்பார்கள். அந்தத் 'தள்ளு' என்ற ஒரு சொல்லுக்குத்தான் உங்கள் அம்மா சாலையைக் கடந்தார்.

சென்ட்ரலையே பாருங்கள். 1873-இல் திறந்த ரயில் நிலையம் ஒரு பக்கம். அதை ஒட்டி மூர் மார்க்கெட் வளாகத்தில் புறநகர் ரயில்கள். எதிரே பார்க் ஸ்டேஷன், கொஞ்சம் தள்ளிப் பறக்கும் ரயிலின் பார்க் டவுன். ஜி.ஹெச்., ரிப்பன் மாளிகை, விக்டோரியா பப்ளிக் ஹால். நடுவில் பூந்தமல்லி நெடுஞ்சாலை. இதற்கெல்லாம் அடியில், இரண்டு மெட்ரோ பாதைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கடக்கின்றன. பச்சைப் பாதை 2018 மே மாதத்தில் இங்கே வந்து சேர்ந்தது, நீலப் பாதை 2019 பிப்ரவரியில். இப்படிப்பட்ட இடத்தில் 'லிஃப்ட் உண்டா?' என்று கேட்டால் போதாது. சாலையின் எந்தப் பக்கம் உண்டு என்று கேட்க வேண்டும். ஜி.ஹெச். பக்கம் இறங்குகிறவர் யார்? டயாலிசிஸுக்கு வருகிறவர், கட்டுப் போட்ட காலோடு வருகிறவர், நிறைமாதக்காரி. சென்ட்ரல் பக்கம் வருகிறவர் யார்? மூன்று பெட்டி, ஒரு அரிசி மூட்டை, தூக்கத்தில் இருக்கும் குழந்தையோடு நீண்டதூர ரயிலிலிருந்து இறங்கியவர். இரண்டு கூட்டத்துக்கும் லிஃப்ட் தேவை. இரண்டையும் ஒரே லிஃப்ட்டுக்கு அனுப்ப முடியாது.

என் கருத்தில் விதி எளிது. எஸ்கலேட்டரின் வாயில் நிற்கிறவர் கண்ணில் லிஃப்ட் கதவு பட வேண்டும். அம்புக்குறி வைக்க நேர்ந்தாலே வரைபடத்தில் ஏதோ தப்பு.

கேள்வி: கீழே போகிற நிலையத்துக்குள் நுழைய ஏன் முதலில் நாலைந்து படி மேலே ஏற வேண்டியிருக்கிறது? இந்தத் தர்க்கம் எனக்குப் பிடிபடவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுராந்தகம்

பிடிபடவில்லை என்றால் ஐயா, நீங்கள் 2015 டிசம்பரில் சென்னையில் இல்லை.

காரணம் வெள்ளம். சுரங்க நிலையத்தின் வாசல் என்பது தண்ணீரின் பார்வையில் ஒரு கிணற்றின் வாய். சாலையில் முழங்கால் அளவு நீர் நின்றாலும் உள்ளே புகக்கூடாது. அதனால் வாசல் தளத்தைச் சாலை மட்டத்துக்கு மேலே உயர்த்திவிட்டு, அங்கிருந்து கீழே இறக்குகிறார்கள். சென்னைபோல் தட்டையான, கடலோர ஊரில் இதில் சமரசமே கிடையாது. லிஃப்ட்டுக்கும் இதே கதைதான், இன்னும் மோசமாக. லிஃப்ட் கூண்டு போய் நிற்கும் குழிதான் அந்தக் கட்டமைப்பிலேயே பள்ளமான இடங்களில் ஒன்று. தண்ணீர் புகுந்தால் முதலில் சாவது அது.

சரி, உயர்த்தியாகிவிட்டது. சக்கர நாற்காலி எப்படி ஏறும்? சாய்தளம் வேண்டும். அதன் சரிவு 12-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அதாவது ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் ஓட்டம். ஒரே மூச்சில் 750 மி.மீ. உயரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, நடுவில் மூச்சு வாங்கச் சமதளம் வேண்டும். அதற்கு ஒன்றரை மீட்டர். அடியிலும் உச்சியிலும் நாற்காலி திரும்ப ஆளுக்கு ஒன்றரை மீட்டர். கூட்டுங்கள்: பதினாறரை மீட்டர். மாநகரப் பேருந்தைக் காட்டிலும் நீளம்! நம் ஊர் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், இளநீர் வண்டி, கோயில் உண்டியல் எல்லாம் போக அந்த நீளம் எங்கே கிடைக்கும்?

அதனால்தான் பல இடங்களில் சாய்தளத்தைப் 'போட்டுவிட்டோம்' என்று காட்டுவதற்காகச் செங்குத்தாக ஒரு சிமெண்டுப் பலகை. அதில் நாற்காலியைத் தள்ளி ஏற்ற பயில்வான் வேண்டும். இறங்கும்போது பிடித்துக்கொள்ள இன்னொரு பயில்வான். நான் ஊன்றுகோலோடு அதில் இறங்குவதில்லை, பக்கத்துப் படியில் இறங்கிவிடுவேன். படி என்னை ஏமாற்றாது.

இதற்கு விடை உண்டு. சாய்தளத்தை மடித்து, போய்த் திரும்பி வருவதாகப் போடலாம். அல்லது வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதையையே நாற்பது ஐம்பது மீட்டர் முன்பிருந்து கண்ணுக்குத் தெரியாமல் உயர்த்திக்கொண்டே வரலாம். இரண்டாவதுதான் அழகு, எல்லாரும் ஒரே வழியில் போவார்கள், யாருக்கும் தனி வழி இல்லை. ஆனால் நடைபாதை மாநகராட்சியுடையது, வாசல் மெட்ரோவுடையது, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

கேள்வி: கட்டடக்கலை நான்காம் ஆண்டு. 'நகரப் போக்குவரத்து மையத்தில் அனைவருக்குமான சுரங்க மெட்ரோ நிலையம்' என்று ப்ராஜெக்ட் எடுத்திருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? ப்ளான் வரைந்துவிட்டேன், ஆனால் கைடு திருப்பி அனுப்பிவிட்டார்.
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் கைடு நல்லவர் தம்பி. ப்ளானை மடித்து வையுங்கள். செக்‌ஷன் வரையுங்கள். சுரங்க நிலையத்தின் உயிர் குறுக்குவெட்டில்தான் இருக்கிறது.

ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒருவரை ரயில் வரை கொண்டுபோங்கள். பஸ்ஸிலிருந்து என்றுதான் சொல்கிறேன், நிலைய வாசலிலிருந்து இல்லை. சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடுகின்றன. அவற்றின் தளம் சுமார் 400 மி.மீ. உயரம், பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து குனியும், பலகையும் உண்டு. ஆனால் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் அது பயன்படும். நிறுத்தத்தில் ஆட்டோ நின்றால் பஸ் நடுரோட்டில் நிற்கும், பலகை தாரில் போய் இறங்கும், சரிவு எகிறிவிடும். ஆக உங்கள் நிலையத்தின் முதல் வரைபடம் ஒரு பஸ் நிறுத்தம்.

அடுத்து லிஃப்ட். தெருவிலிருந்து நேரே நடைமேடைக்கு ஒரே லிஃப்ட் விடலாமே என்று எல்லா மாணவர்களுக்கும் தோன்றும். விட்டால் டிக்கெட் இல்லாமல் இறங்கிவிடுவார்கள். ஆகவே தெருவிலிருந்து டிக்கெட் தளத்துக்கு ஒன்று, கேட்டைத் தாண்டி அங்கிருந்து நடைமேடைக்கு இன்னொன்று. அந்த கேட்டில் ஒன்றாவது 900 மி.மீ. அகலம் இருக்க வேண்டும், ஆள் வந்து பூட்டைத் திறக்கும்படி இல்லாமல் கார்டு தொட்டால் தானே திறக்க வேண்டும். இரண்டு லிஃப்ட்டுகளையும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் வையுங்கள். சென்ட்ரல்போல் இரண்டு பாதைகள் அடுக்கடுக்காகக் கடக்கும் நிலையமென்றால், மேல் நடைமேடைக்கும் கீழ் நடைமேடைக்கும் நடுவே நேரடி லிஃப்ட் அவசியம். பாதை மாறுவதற்காக ஒருவரை டிக்கெட் தளம் வரை ஏற்றி மறுபடி இறக்குவது வதை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் திருமயிலையில் மூன்றாவது, நான்காவது வழித்தடங்கள் சந்திக்கின்றன. பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிலையமும் உயரத்தில் நிற்கிறது. அந்த மூன்றையும் ஒரே தாளில் செக்‌ஷனாக வரைந்து பாருங்கள். ப்ராஜெக்டுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

லிஃப்ட் ஒன்று போதுமா? போதாது. ஒன்று பழுதானால் அன்று அந்த நிலையமே ஒரு சாராருக்கு மூடிவிட்டது. ஜோடியாகப் போடுங்கள். சென்ட்ரல் மாதிரி இடத்தில் பெட்டி படுக்கையோடு வருகிறவர்களே லிஃப்ட்டை நிரப்பிவிடுவார்கள். அவர்களைக் கோபிக்க முடியாது, அவர்களுக்கும் அது தேவைதான். கூண்டுக்குள் நாற்காலி திரும்ப 1500 மி.மீ. விட்டம் வேண்டும். இடம் இல்லையென்றால் ஒரு பக்கம் ஏறி எதிர்ப்பக்கம் இறங்கும் லிஃப்ட் போடுங்கள், யாரும் பின்னோக்கி உருள வேண்டாம். சுவரைக் கண்ணாடியாக்குங்கள். அழகுக்காக என்று நினைப்பார்கள். காது கேளாத ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால் அவசர பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் வரும் குரலோடு என்ன பேசுவார்? கண்ணாடி இருந்தால் கையசைக்கலாம். தனியாகப் போகும் பெண்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

நடைமேடையைக் கூடியவரை நேர்கோடாக வைக்கப் பாருங்கள். வளைந்தால் பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே இடைவெளி விழும். லண்டனில் சென்ட்ரல் லைனின் பேங்க் நிலையம் அதற்குப் பேர் போனது. அமெரிக்க விதிப்படி இந்த இடைவெளி கிடைமட்டமாக சுமார் 76 மி.மீ., உயர வித்தியாசம் 16 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நாற்காலியின் முன் சக்கரம் சின்னது. இடைவெளியில் மாட்டினால் ஆள் முன்னால் கவிழ்வார். சென்னையின் சுரங்க நிலையங்களில் நடைமேடைக் கதவுகள் இருப்பது பெரிய ஆறுதல். தண்டவாளத்தில் விழும் பயம் இல்லை. கதவு எங்கே வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

கடைசியாக, தரை. மெருகேற்றிய கிரானைட்டை உங்கள் ப்ராஜெக்டில் பார்த்தால் நானே மார்க் குறைப்பேன். மழை நாளில் நூறு செருப்புகள் ஈரத்தைக் கொண்டுவந்து தேய்த்தபின் என் ஊன்றுகோலின் ரப்பர் புஷ் அதில் எப்படி நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? கட்டடம் திறக்கும் நாளில் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் தரை அது.

கேள்வி: நான் பார்வையற்றவன். மஞ்சள் டைலைப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் என்னை லிஃப்ட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். எனக்குக் காலில் ஒன்றுமில்லை. நான் படியில் போகக்கூடாதா?
— வங்கி ஊழியர், திருச்சி

தாராளமாகப் போகலாம். இந்தக் கேள்வியை வரைவாளர் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டினால் நல்லது.

அந்த டைல் ஜப்பான்காரர் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கியது. 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதலில் பதித்தார்கள். காலுக்குத் தட்டுப்படும் நீளக் கோடு என்றால் 'போ', புள்ளி என்றால் 'நில், கவனி'. இவ்வளவுதான் அதன் இலக்கணம். இதில் நம் ஊரில் நடக்கும் பிழைகளைச் சொன்னால் தாள் போதாது. திருப்பத்தில் புள்ளி இல்லாமல் கோட்டை வெட்டி ஒட்டுவார்கள். கோடு நேராகத் தூணில் போய் முட்டும். மஞ்சள் பிடிக்கவில்லை என்று கிரானைட்டின் மேல் எவர்சில்வர் குமிழ் பதிப்பார்கள். கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் நிற வித்தியாசத்தைத்தான் நம்புகிறார்கள் என்பது மறந்துபோகும்.

லிஃப்ட், படி இரண்டுக்கும் கோடு பிரிய வேண்டும், பிரியும் இடத்தில் புள்ளிக் கட்டம் வேண்டும், படியின் கைப்பிடித் தொடக்கத்தில் எந்த நடைமேடை என்று பிரெயிலில் இருக்க வேண்டும். எஸ்கலேட்டருக்குக் கோடு போடுவதை மட்டும் பலர் தவிர்க்கிறார்கள். அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பது காலை வைக்கும்வரை தெரியாது.

கேள்வி: மனசாட்சியோடு கேட்கிறேன். சக்கர நாற்காலியில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரப்போகிறார்கள்? அவர்களுக்காக ஒவ்வொரு நிலையத்திலும் இத்தனை கோடியா?
— வணிகர், ஈரோடு

மனசாட்சியோடு பதில் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். இதை விட்டுவிடுங்கள். நீங்கள் அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கும்போது லிஃப்ட் வாசலில் ஐந்து நிமிடம் நின்று யார் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். அதில் ஈரோட்டு ஜவுளிப் பொதிகளும் இருக்கும்.

செலவு என்கிறீர்கள். சரி, வியாபாரக் கணக்கே போடுவோம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கான பார்ட் ரயிலைத் திட்டமிட்டபோது, 1960-களில், சக்கர நாற்காலியில் இருந்த ஹெரால்ட் வில்சன் என்பவர் விடாமல் வாதாடி லிஃப்ட்டுகளைத் திட்டத்திலேயே சேர்க்கவைத்தார். 1972-இல் ரயில் ஓடத் தொடங்கியபோதே லிஃப்ட் அதன் பகுதி. வாஷிங்டனில் வேறு கதை. 1976 மார்ச்சில் மெட்ரோ திறந்தது. ஆனால் கேலரி பிளேஸ் நிலையத்தில் லிஃப்ட் தயாராகாததால் நீதிமன்ற உத்தரவு குறுக்கே நின்றது. ரயில்கள் அங்கே நிற்காமல் போயின. டிசம்பரில்தான் அது திறந்தது. நியூயார்க்கில் நிலையங்கள் 472. பெரும்பாலானவை லிஃப்ட் பற்றி யாரும் நினைக்காத காலத்தில் கட்டியவை. வழக்குகள் முற்றி 2022-இல் ஒரு சமரசம் வந்தது: 2055-க்குள் 95 சதவீத நிலையங்களில் படியில்லா வழி. இயங்கிக்கொண்டிருக்கும் ரயிலுக்கும் நூறாண்டுக் குழாய்களுக்கும் நடுவே துளை போடுகிறார்கள். முதலிலேயே போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவையும் இதையும் உங்கள் பேரேட்டில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள்.

கேள்வி: தீப்பிடித்தால் லிஃப்ட்டைப் பயன்படுத்தாதே என்கிறார்கள். அப்படியானால் கீழே இருக்கும் நாற்காலிக்காரர் கதி?
— ஒரு செவிலியர், வேலூர்

இதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். வடிவமைப்புக் கூட்டங்களிலும் இதைக் கேட்க ஒருவர்தான் இருப்பார், அவருக்கும் பதில் கடைசியில்தான் வரும்.

பல நாடுகளில் பின்பற்றும், அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 130 என்ற தரத்தின் கணக்கு இது: நடைமேடையில் இருப்பவர்கள் நான்கு நிமிடத்தில் அதை விட்டு வெளியேற வேண்டும், ஆறு நிமிடத்தில் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். 1987-இல் லண்டன் கிங்ஸ் கிராஸில் மர எஸ்கலேட்டரில் விழுந்த ஒரு தீக்குச்சி 31 பேரைக் கொன்றது. 2003-இல் தென்கொரியாவின் டேகுவில் 192 பேர். இரண்டிலும் புகைதான் முதல் எதிரி.

படியேற முடியாதவருக்காகச் செய்ய வேண்டியது, 'பாதுகாப்பான இடம்' என்பதை நடைமேடை மட்டத்திலேயே கொண்டுவருவது. தீ தாங்கும் சுவரும் கதவும் கொண்ட ஒரு அறை அல்லது படிக்கட்டு முகப்பு. உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருப்பதால் புகை நுழையாது. நாற்காலி நிற்க இடம், கட்டுப்பாட்டு அறையோடு பேச இருவழித் தொடர்பு, காது கேளாதவருக்கு விளக்குச் சைகை. அங்கிருந்து தீயணைப்பு வீரர்கள் தனி மின்சாரத்தில் ஓடும் லிஃப்ட்டில் மேலே கொண்டுபோவார்கள். அறை இருந்தால் மட்டும் போதாது. ஒத்திகையில் ஒரு நாற்காலியையாவது உண்மையிலேயே வெளியே கொண்டுவந்து பார்த்திருக்க வேண்டும். மூட்டை தூக்குவதுபோல் நாற்காலியோடு நோயாளியைத் தூக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நிலைய ஊழியருக்கும் காவலருக்கும் யாராவது சொல்லித்தர வேண்டுமே. உங்கள் ஊரில் நிலையம் ஏதும் வந்தால் நீங்களே போய்ச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகள் கழிவறை ஏன் எப்போதும் பூட்டியே இருக்கிறது?
— ஒரு வாசகர், தாம்பரம்

உள்ளே மாப்பும் பக்கெட்டும் இருப்பதால். கட்டடத்தில் பொருள் வைக்கும் அறையை வரைய மறந்தால், விசாலமான அறை எதுவோ அதுதான் பொருள் வைக்கும் அறை. வரைவாளர்கள் கவனிக்க: துப்புரவுப் பணியாளருக்கும் ஒரு அறை வரையுங்கள். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி போடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: மெட்ரோவைக் கேட்டால் ரயில்வே என்கிறார்கள், ரயில்வேயைக் கேட்டால் மாநகராட்சி என்கிறார்கள். யாரிடம் புகார் கொடுப்பது? சட்டம் ஏதாவது இருக்கிறதா, இல்லையா?
— மூவர் எழுதியது. வில்லிவாக்கம், செங்கல்பட்டு, ஆவடி

இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அதன் 44-ஆம் பிரிவுப்படி, விதிகளுக்கு உட்படாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழே தரக்கூடாது. ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. பிறகு ஏன் இப்படி? அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 15-ஆவது, தரங்களைக் கிட்டத்தட்ட ஆலோசனைபோல் விட்டுவைத்திருந்தது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. கட்டாயமாக இருக்க வேண்டியதை விருப்பமாக்கிய அந்த விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது.

ஆனால் உங்கள் மூவரின் கோபமும் கட்டடத்தின் மேல் இல்லை, கட்டடங்களுக்கு நடுவே உள்ள இடத்தின் மேல். மெட்ரோ தன் வாசல் வரை சாய்தளம் போடும். வாசலுக்கும் புறநகர் ரயில் படிக்கும் நடுவே இருபது மீட்டர் யாருடையது என்று தெரியாது. அங்கேதான் உடைந்த சிலாப், மோட்டார் சைக்கிள் நுழையாமல் தடுக்க நட்ட இரும்புக் கம்பி (நாற்காலியும் நுழையாது), திறந்த மழைநீர் வடிகால். இரவு நிலையம் மூடியபின் சுரங்கப்பாதையும் மூடினால், விடிகாலை மூன்றரை மணிக்கு ரயிலிலிருந்து இறங்குகிறவர் சாலையை எப்படிக் கடப்பார் என்ற கேள்விக்கும் உரிமையாளர் கிடையாது. சுரங்கப்பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேலே, சாலை மட்டத்தில், சிக்னலோடு ஒரு கடவை வேண்டும் என்பது என் பிடிவாதம். வண்டிகளுக்கு வழிவிட மனிதர்களைப் பாதாளத்துக்கு அனுப்புவது எனக்கு ஒருபோதும் சம்மதமில்லை.

பஸ், மெட்ரோ, ரயில் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கவே கும்டா என்ற பெருநகரப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. 2025-இல் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் என்று 'சென்னை ஒன்' செயலியும் வந்தாயிற்று. டிக்கெட் ஒன்றாகிவிட்டது. அந்த இருபது மீட்டரையும் ஒன்றாக்குவது அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே அவர்களுக்கும் எழுதுங்கள், கூடவே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுதுங்கள். இத்தகைய புகார்களை விசாரிக்கச் சட்டமே அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

எழுதும் விதம் முக்கியம். 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், 'தற்போது இயங்குகிறது' என்று ஒரு வரி பதில் வந்து முடிந்துவிடும். எந்த வாசல், லிஃப்ட்டில் எழுதியிருக்கும் எண், தேதி, நேரம், அடுத்த லிஃப்ட் எத்தனை மீட்டர் தள்ளி, நடுவில் எத்தனை படி — இதை எழுதுங்கள். படியின் உயரத்தை அளந்து எழுதுங்கள். எட்டணா நூல் டேப் போதும், இப்போது இருபது ரூபாயாம். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். ஒரே கடிதத்தை மெட்ரோ, ரயில்வே, மாநகராட்சி மூன்று அலுவலகத்துக்கும் அனுப்பி, மற்ற இரண்டு பேருக்கும் நகல் போயிருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் கீழே தெளிவாகப் போடுங்கள்.